டீச்சர் அனுப்பாத பெயர்

கண்ணாடிக் கடையில் புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் மாதம் அவளிடம்தான் விடுவார்கள். ஃபிரேமை மூக்கில் எப்படி உட்கார வைப்பது, கருமணிக்கு நேராக லென்ஸில் எப்படிப் புள்ளி வைப்பது, "இதுல நான் வயசு குறைஞ்சு தெரியறேனா?" என்று கேட்கும் தாத்தாவுக்குச் சிரிக்காமல் எப்படிப் பதில் சொல்வது, எல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். ஒரே விஷயத்தை நான்கு விதமாகச் சொல்வாள். நான்காவதில் எந்த மரமண்டைக்கும் ஏறிவிடும். அப்படி ஏறியவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பெரிய கிளைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் மட்டும் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் அதே ஸ்டூலில் இருந்தாள்.

"நீயும் போயிட்டா இங்க யாரும்மா சொல்லிக் கொடுக்கறது?" என்பார் முதலாளி. மனுஷர் அதைப் பாராட்டாகத்தான் சொல்வார். அவளும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வாள். அந்தப் பழக்கம் நடுநிலைப் பள்ளியிலேயே வந்துவிட்டது.

ஆறாம் வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் அவள் விடையைப் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வகுப்பு நிறையப் பிள்ளைகள், ஒற்றை டீச்சர். "முடிச்சிட்டியா கண்ணு? அப்ப இவளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு" என்று பக்கத்தில் உட்கார வைத்தார். அந்தப் பெண் தேறியதும் அடுத்த பெஞ்சு. அது முடிந்ததும் அதற்கடுத்தது. ஒரு பருவம் முடிவதற்குள் பள்ளிக்கூடமே அவளைக் குட்டி டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டாலே அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். டீச்சர் போகிற போக்கில் தலையைத் தடவினால் அன்று முழுக்கச் சாப்பாடு வேண்டாம்.

அவள் புதிதாக என்ன கற்றுக்கொண்டாள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஏற்கெனவே தெரிந்த பின்னங்களை ஒவ்வொரு பெஞ்சாகப் போய்ச் சொன்னாள். அரைத்த மாவையே அரைத்தாள். பசிக்கிற பிள்ளையைப் பந்தியில் பரிமாற விட்டுவிட்டு, ஆகா என்ன அழகாகப் பரிமாறுகிறாள் என்று மெச்சினால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

ஏழாம் வகுப்பில் மாடியில் ஒரு தனி வகுப்பு தொடங்கினார்கள். புத்திக்கூர்மை உள்ள பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்பு. வகுப்பாசிரியர் பெயர் சொல்லி அனுப்ப வேண்டும்; ஏழாம் வகுப்புக்கும் அதே டீச்சர்தான். அனுப்பப்பட்டவர்களுக்குப் பரீட்சை வைத்து எடுத்துக்கொள்வார்கள். டீச்சர் வகுப்பில் நின்று பெயர்களைச் சொன்னபோது, அவள் எழுந்து நிற்கத் தயாராகப் பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். அவள் பெயர் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் பெயர் வந்தது. அந்தப் பெண்ணுக்குப் பின்னத்தைத் தலைகீழாக நின்று புரியவைத்ததே இவள்தான்.

மாடியிலிருந்து மத்தியான நேரத்தில் சத்தம் கேட்கும். கத்திக் கத்தி வாதாடுவார்கள், எதையோ செய்து பார்ப்பார்கள், ஏதாவது உடையும், சிரிப்பார்கள். அட்டையில் கட்டிய பாலங்களைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவார்கள். கீழே அவள் யாருக்காவது வகுத்தல் சொல்லிக்கொண்டிருப்பாள்; காது மட்டும் மாடியில் இருக்கும்.

அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். மறுநாளே வேலை உடுப்போடு, கை நிறைய கிரீஸோடு பள்ளிக்கூடத்துக்குப் போனார். திரும்பி வந்து கை கழுவிக்கொண்டே, "அவங்களுக்கு ஆள் பார்க்கத் தெரியல, விடு" என்றார். கிரீஸ் போன பிறகும் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

அவளால் விட முடியவில்லை. முன்பின் தெரியாத யாரோ வேண்டாம் என்றிருந்தால் போய்த் தொலைகிறார்கள் என்று இருந்திருப்பாள். தன்னைக் கூடவே வைத்துக்கொண்டு, தலையைத் தடவி, தன் மூளையின் மூலை முடுக்கெல்லாம் பார்த்த டீச்சரே அனுப்பவில்லை. அப்படியென்றால் அதில் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? அன்று மனதில் விழுந்த அந்த முடிச்சைப் பிறகு யாராலும் அவிழ்க்க முடியவில்லை. பெரிய படிப்புக்கான எந்தப் பரீட்சைக்கும் அவள் போகவில்லை. பெரிய கிளைக்கு விண்ணப்பம் போடச் சொன்னால், "அதெல்லாம் கெட்டிக்காரங்களுக்கு" என்று சிரித்துவிடுவாள்.

அப்பா மட்டும் சளைக்கவில்லை. எந்தக் கட்டடத்தில் லிஃப்டைப் பழுது பார்த்தாலும் அங்கிருக்கும் காவலாளியிடம், "என் பொண்ணு மூளை இருக்கே" என்று ஆரம்பித்துவிடுவார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கண் பரிசோதனைப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்தார். அன்று அவள் கத்திவிட்டாள்.

"யாருமே நம்பாததை நீங்க மட்டும் ஏம்ப்பா பிடிச்சுத் தொங்கறீங்க? என்னை நல்லாத் தெரிஞ்ச டீச்சருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு? உங்களால எனக்கு அவமானமா இருக்குப்பா."

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. ஏதோ சொல்ல வந்தவர் அதை விழுங்கிவிட்டு, "சரிம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அம்மா போன பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். இப்போது அப்பாவுக்கு நினைவு பிசகிவிட்டது. பகலில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். சாயங்காலம் அவள் வந்தால், ஆஸ்பத்திரி நர்ஸ் என்று நினைத்துக்கொண்டு "வாங்க சிஸ்டர்" என்று மரியாதையாகக் கூப்பிடுவார். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவள் இன்னும் பள்ளிக்கூடம் விட்டு வரவில்லை. அவர் கணக்கு அப்படி.

ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வயதான அம்மா ஒருவர் வந்தார். புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தி, புள்ளி வைப்பதை அவள் விளக்கிக்கொண்டிருந்தாள். முதல் விதம் புரியவில்லை, இரண்டாவதும் புரியவில்லை, மூன்றாவதாக ஆரம்பித்தாள். வந்தவர் அவளையே உற்றுப் பார்த்தார்.

"இப்படி விதவிதமா சொல்லிக் குடுக்கற பொண்ணு என் வகுப்புல ஒருத்தி இருந்தா. நீ குட்டி டீச்சர் இல்ல?"

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "டீச்சர்!" என்று எழுந்தவள், நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொண்டு வந்து, மறுபடி எதற்கோ எழுந்தாள். டீச்சர் வாயெல்லாம் பல்லாகப் புதுப் பெண்ணிடம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமாம்மா? இவ லேசுப்பட்டவ இல்ல. மாடியில சிறப்பு வகுப்பு ஆரம்பிச்சப்போ முதல்ல இவ பேரைத்தான் கேட்டாங்க. ரெண்டு தடவை ஆள் அனுப்பினாங்க. நான் அசையலியே! இவளை அனுப்பிட்டா என் வகுப்பு என்னத்துக்கு ஆகறது? பாதிப் பேர் ஃபெயிலாகிடுவாங்க. ‘அவ எனக்கு வேணும், தரமாட்டேன்’னு சொல்லிட்டேன். அந்த வருஷம் என் வகுப்புல ஒருத்தர்கூட ஃபெயில் இல்ல, தெரியுமா!"

"சூப்பர் அக்கா!" என்று புதுப் பெண் கைதட்டினாள். முதலாளியும் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

அவள் டீச்சரின் முகத்தில் ஃபிரேமைப் பொருத்திக்கொண்டிருந்தாள். காதோரம் கம்பியைச் சரிசெய்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. புள்ளி வைக்க வேண்டுமானால் எதிரே இருப்பவரின் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்துப் பார்த்தே ஆகவேண்டும். முகத்தைத் திருப்பிக்கொள்ள வழியில்லை.

"நேரா என்னைப் பாருங்க டீச்சர். இமைக்காதீங்க."

டீச்சர் பார்த்தார். அந்தக் கண்களில் சூது இல்லை, குற்ற உணர்வும் இல்லை, பெருமைதான் இருந்தது. அவள் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள்.

"எங்கப்பா உங்களை வந்து பார்த்தாரே, டீச்சர்."

"யாரு, லிஃப்ட் ரிப்பேர் பண்றவரா? ஆமா, பாவம். உள்ளதைச் சொன்னா விடுவாரா? அதான், ‘உங்க பொண்ணுக்கு அந்த அளவுக்கெல்லாம் வராதுங்க’ன்னு சொல்லி அனுப்பிட்டேன். அப்பவும் வாசல்லயே ரொம்ப நேரம் நின்னாரு." டீச்சர் சிரித்தார். "உனக்குத் தெரிஞ்சிருக்கும்னுல்ல நினைச்சேன்."

அவள் இரண்டாவது புள்ளியையும் வைத்தாள். அது சரியான இடத்தில்தான் விழுந்தது. கண்ணாடி எந்த நாளில் தயாராகும் என்று சொன்னாள். டீச்சரின் கையைப் பிடித்து வாசல் படியில் இறக்கிவிட்டாள். ஆட்டோ திரும்பும்வரை நின்றாள். ஆத்திரப்படலாம் என்று பார்த்தால் அதுவும் வரவில்லை. அந்த வகுப்பில் தேறிய பிள்ளைகளும் பிள்ளைகள்தானே? அவள் நினைத்ததெல்லாம் அப்பாவைத்தான். "உன்னால முடியாதுன்னு சொன்னாங்க" என்பதை அப்பா கடைசிவரை தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அவள் கத்திய அன்றுகூட, வாய்வரை வந்ததை விழுங்கினாரே தவிர, சொல்லவில்லை.

அன்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனாள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, பொழுது போவதற்காகக் கொடுத்திருந்த பழைய கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தார்.

"வாங்க சிஸ்டர்."

அவள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். "அப்பா, டீச்சர் கடைக்கு வந்தாங்கப்பா. மாடி வகுப்புக்கு முதல்ல என்னைத்தான் கேட்டாங்களாம். அவங்கதான் அனுப்பலியாம். நீங்க சொன்னதுதாம்ப்பா சரி." அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும்தாம்ப்பா சரியா சொன்னீங்க."

அவர் ஸ்குரூவைக் கீழே வைத்துவிட்டு அவளை மரியாதையாகப் பார்த்தார்.

"அப்படியா! ரொம்ப சந்தோஷம் சிஸ்டர். என் பொண்ணையும் எடுத்திருக்கணும். வராதுன்னு அந்த டீச்சரம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. நான் நம்பல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ நம்பிட்டா. அதுக்கு மேல நான் என்ன சொன்னாலும் கோவம் வருது அவளுக்கு. அதான் பேசறதில்ல."

அவள் அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல், அவர் கையில் ஒட்டிய தாழ்ப்பாள் கிரீஸ் படியாமல் புறங்கையால் அவள் தலையை லேசாகத் தட்டிக்கொடுத்தார்.

"அழாதீங்க சிஸ்டர். நல்ல சேதிக்கு யாராவது அழுவாங்களா? உங்கப்பாகிட்ட சொன்னீங்களா? முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க. மனுஷன் பூரிச்சுப் போயிடுவாரு."

"சொல்லிட்டேன்" என்றாள்.

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, தாழ்ப்பாளைத் திரும்ப மாட்ட ஆரம்பித்தார்.