ஆகாரின் மேல் சாய்ந்த கோடுகள்

திண்டிவனத்தில் நான் டிராயிங் டீச்சராக இருந்த பள்ளிக்கு ஒரு பிரெஞ்சுக்காரச் சாமியார்தான் மேனேஜர். முகையூர்ப் பக்கம் முப்பது வருஷம் இருந்தவர். தமிழில் திட்ட ஆரம்பித்தால் சந்தைக்காரர்களே ஒதுங்கிப் போவார்கள். பிள்ளைகள் இடது கையால் எழுதினால் அவருக்கு ஆகாது. விரல் முட்டியில் ஸ்கேலால் ஒன்று வைப்பார். நானோ பிறவி இடதுகைக்காரி. தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடுமே என்ற பயத்தில், வலது கையால் கோணல்மாணலாகப் பூசணிக்காய் வரைந்து காலம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அவரிடம் குடும்பச் சொத்தாக ஒரு பழைய படம் இருந்தது. பாலைவனத்தில் தாகத்தால் சாகக் கிடக்கும் மகனைப் பார்க்கப் பொறுக்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும் பைபிள் கதை ஆகார். பழுப்பு மையில் வெறும் கோடுகள்தான். தன் ஊரின் பேர்பெற்ற ஓவியர் முந்நூறு வருஷத்துக்கு முன் போட்டது என்பார். புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு நிபுணரும் ஆமாம் என்று சொல்லி, அந்த ஓவியரின் படங்கள் அடங்கிய புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். சாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. படத்தைத் தன் ஊர் மியூசியத்துக்கே அனுப்ப முடிவு செய்தார். அதற்குமுன் தனக்கு ஒரு காப்பி போட்டுத் தரச் சொன்னார்.

நிழல் கோடுகளில் என் வலது கை திண்டாடியது. கதவைச் சாத்திவிட்டு இடது கைக்கு மாற்றினேன். அப்பாடா, வழுக்கிக்கொண்டு போயிற்று! சந்தேகம் வந்து புத்தகத்தைப் புரட்டினேன். அந்த ஓவியரின் நிழல் கோடுகள் எல்லாம் வலது கை இழுக்கிற பக்கம் சாய்ந்திருந்தன. ஆகாரின் மேல் இருந்தவை அத்தனையும் எதிர்ப்பக்கம், என் இடது கை இழுக்கிற பக்கம். இதைப் போட்டது வேறு ஆள், இடதுகைக்காரன்.

சொன்னால் என் குட்டு உடையும். ஆனால் என்னைப்போல் எத்தனை அடி வாங்கியிருப்பானோ அந்தப் புண்ணியவான்! அவன் உழைப்புக்கு இன்னொருத்தன் பேரா? படத்தையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நேரே சாமியாரிடம் போனேன்.

"இது அவர் போட்டதில்லீங்க சாமி."

"இன்னாம்மா சொல்ற? நிபுணரே சொல்லிட்டுப் போயிட்டாரு."

பென்சிலை இடது கையில் எடுத்து, வேறொரு தாளில் ஆகாரின் முக்காட்டு நிழலை அவர் கண்ணெதிரே போட்டேன். பக்கத்திலேயே வலது கையாலும் போட்டேன். இரண்டும் எதிரெதிராகச் சாய்ந்தன.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா ஒளிச்சிக்கினா இருந்த?"

"பயந்தாங்க சாமி."

படத்தின் பின்னால் எழுதியிருந்த அந்தப் பெரிய ஓவியரின் பேரை அவரே அடித்தார். 'பெயர் தெரியாத இடதுகைக்காரர்' என்று பிரெஞ்சில் எழுதி, எனக்கும் படித்துச் சொன்னார். பேனாவை மூடியவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்கேலால அடிச்சா ரொம்ப வலிக்குமாம்மா?" என்றார்.

"வலிக்கும்ங்க சாமி" என்றேன்.