கொள்முதல் நெல்லையப்ப பிள்ளையும் என் வயிற்றெரிச்சலும்

வெள்ளிக்கிழமை காலையில் பஞ்சு வண்டி ஓட்டிவந்த மாடசாமி, மாட்டைக்கூட அவிழ்க்காமல் நூற்புக்கூடத்துக்குள் ஓடிவந்தான். "மேஸ்திரி அண்ணாச்சி, நம்ம கொள்முதல் பிள்ளைவாள் நாங்குநேரியில போயிட்டாகளாம்" என்றான். முந்தின வாரம் வந்த பஞ்சில் தூசி அதிகம் என்று அவரோடு சண்டை போடுவதற்காக நாலு நாளாய் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அத்தனையும் வாயிலேயே நின்றுவிட்டன. இனிமேல் யாரைப் பார்த்து நான் வயிறெரிவது என்றுதான் முதலில் தோன்றியது. அதன் பிறகுதான் கண் கலங்கியது.

ஆலை நண்பர்களே, அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். நல்லதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் அவர்மேல் எனக்கு எத்தனை பொறாமை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மூடி மறைத்து எழுதினால் படிக்கிற உங்களுக்கே சிரிப்பு வந்துவிடும்.

நாங்கள் இருவரும் ஒரே காலத்தில் இந்த ஆற்றங்கரை ஆலைக்கு வேலைக்கு வந்தவர்கள். அவர் பருத்தி வாங்கும் பக்கம் போனார். நான் நூற்கும் பக்கம் வந்தேன். நூற்பாலையில் செலவு என்றால் பெரும்பகுதி பஞ்சுதான். கூலியும் எண்ணெயும் கரியும் தோல்வாரும் அதற்குப் பின்னால் வருபவை. நான் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழே விழுகிற கழிவைக் கூட்டி அள்ளி, வருஷம் முழுக்க வயிற்றைக் கட்டி மிச்சம் பிடிப்பேன். அவர் கோவில்பட்டிப் பஞ்சுச் சந்தையில் ஒரு பகல் உட்கார்ந்து எழுந்து வந்தால் அதைவிட அதிகம் மிச்சமாகியிருக்கும். இழை அறுந்தால் என் தலை உருளும். அடக்கவிலை குறைந்தால் அவர் பேர் ஓங்கும். இதைச் சகித்துக்கொள்ள நான் என்ன முனிவனா?

அவருக்குக் கீழே இரண்டு குமாஸ்தாக்கள் இருந்தார்கள். ஒரு சமயம், மற்ற எல்லோரையும்விடக் குறைந்த விலைக்கு ஒரு தரகர் பஞ்சு தருவதாகச் சொல்ல, அந்தக் குமாஸ்தாக்கள் இருவரும் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தார்கள். நெல்லையப்ப பிள்ளை ஒரு சிட்டிகை பஞ்சைக் கிள்ளி, இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே வைத்து மெல்ல இழுத்தார். இழை குட்டையாக அறுந்து வந்தது. மாதிரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூடுதல் விலை சொன்ன இன்னொருவரிடம் வாங்கினார். கணக்குப்பிள்ளை, ஆலையை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் போய்ப் புகார் செய்துவிட்டார். அதற்கு நெல்லையப்ப பிள்ளை சொன்ன பதில் இன்றைக்கும் கொள்முதல் அறையில் புழங்குகிறது: "மலிவா வாங்குதது ஒரு காரியமாவே? வாங்கினது மலிவா முடியணும்லா!" அந்தக் குறைந்த விலைப் பஞ்சை வேறு யாரோ வாங்கி, பாதி கழிவாய்ப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். நம் ஆலை பிழைத்ததே என்று நான் சந்தோஷப்பட்டேனா? இல்லை. இந்த மனுஷனுக்கு ஒரு தடவையாவது கணக்குத் தப்பிப் போகாதா என்றுதான் நினைத்தேன்.

இன்னொரு வழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. சந்தைக்குப் புறப்படுகிற அன்றைக்கெல்லாம் என் கூடத்துக்குள் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். எந்த இயந்திரத்தில் இழை அறுகிறது, அறுந்ததை யார் எப்படி ஒட்டுகிறார்கள், நான் எங்கே போய் நிற்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். கீழே கிடக்கிற கழிவில் ஒரு பிடி அள்ளி மோந்துகூடப் பார்ப்பார். "என்னவே, வேவு பாக்க வந்தீரா?" என்று நானும் கேட்டிருக்கிறேன். "சும்மாதான் வே. நீரு உம்ம சோலியப் பாரும்" என்பார். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே போய்விடுவார். என் குற்றங்களைத் துரையிடம் சொல்லத்தான் வருகிறார் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஐரோப்பாவில் சண்டை மூண்டது. கப்பலில் வரவேண்டிய சாமான்கள் நின்றுபோயின. வந்தவற்றுக்கும் யானை விலை, குதிரை விலை. கொஞ்ச காலத்தில் நல்ல கருங்கண்ணிப் பஞ்சும் எட்டாத விலைக்கு ஏறிவிட்டது. துரை எங்களைக் கூப்பிட்டு, நூலின் அடக்கவிலை இறங்காவிட்டால் பாதி இயந்திரங்களை நிறுத்தி, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவேன் என்று சொல்லிவிட்டார். அந்தப் பாதிப் பேர் யார் யார் என்று நான்தான் பேர் சொல்ல வேண்டுமாம். என் கூடத்தில் வேலை செய்கிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்க்கக் கூசியது. சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் நெல்லையப்ப பிள்ளை வாங்கி அனுப்பிய பஞ்சைப் பிரித்துப் பார்த்தேன். நல்ல பஞ்சோடு பாதிக்குப் பாதி புளிச்சை என்கிற மட்டப் பஞ்சு. குட்டை இழை, சருகு, கொட்டைத் தூள் எல்லாம் அதில் அடக்கம். நேரே அவர் அறைக்குப் போய்க் கத்தினேன். "இது நூக்கதுக்கா, தலையணைக்குத் திணிக்கதுக்காவே? ஊரு குடியக் கெடுக்கப் பாக்கீரா?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பைய பாரும். கோவப்படாம பாரும்" என்றார். அவ்வளவுதான்.

பார்த்தேன். வேறு என்ன செய்ய? பஞ்சை அடுக்கடுக்காய்ப் பரப்பிக் கலந்து ஆறப்போட்டேன். சிக்கெடுக்கும் இயந்திரத்தை மெதுவாக ஓட்டச் சொன்னேன். முறுக்கைக் கொஞ்சம் கூட்டினேன். ஆற்றுத் தண்ணீரைத் தரையில் தெளித்துத் தெளித்துக் கூடத்தை ஈரமாக வைத்துக்கொண்டேன். நானும் அந்தப் பெண்களும் பட்ட பாடு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். நூல் அறாமல் நின்றது! அடக்கவிலை இறங்கியது. ஒருவரைக்கூட வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

துரை ஆலை வாசலில் எல்லோரையும் கூட்டி வைத்து ரோஜா மாலை போட்டார். யாருக்கு? கொள்முதல் நெல்லையப்ப பிள்ளைக்கு! நான் மீசையெல்லாம் பஞ்சோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு கும்பிடு போட்டார். "இது மேஸ்திரி பட்ட பாடு" என்று ஒரு வார்த்தை? மூச்! வீட்டுக்கு வந்து என் சம்சாரத்திடம் சொல்லிக் குமுறினேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அவுக வாங்குனாக, நீங்க நூத்திய. அவுகளுக்கு மாலை, ஒங்களுக்கு இருமல்" என்றாள். அதற்குப் பிறகு நான் அவரோடு பேசிய பேச்செல்லாம் பஞ்சில் தூசி, பஞ்சில் கொட்டை என்பதோடு சரி.

துஷ்டி கேட்க நாங்குநேரிக்குப் போனபோது, அவர் வீட்டுத் தெருவில் கரிசல் காட்டுத் தரகர்களாகவே நிறைந்திருந்தார்கள். சாவிலும் இந்த மனுஷனுக்கு இத்தனை கூட்டமா என்று அப்போதும் எரிந்தது. அவருடைய மகனிடம் துக்கம் கேட்டுவிட்டுத் தெருவோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், கோவில்பட்டிப் பக்கத்துத் தரகர் சுப்பா ரெட்டியார், எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தார். சொன்னேன். மனுஷன் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அட பாவி மனுஷா! அந்த மேஸ்திரி நீருதானா?"

அங்கங்கே இருந்த தரகர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நல்ல பஞ்ச எடுத்துக்கிடும், இல்லன்னா ஒம்ம ஆலையில நூலு நிக்காதுன்னு நாங்க வெலைய ஏத்துவோம் ஓய். மத்த ஆலைக்காரன் பயந்துபோய் வாங்கிருவான். இந்தப் பிள்ளை மட்டும் சிரிப்பாரு. 'எங்கிட்ட ஒரு மேஸ்திரி இருக்காரு. சருகக் குடுத்தாலும் நூலாக்கிருவாரு. நல்லத நீரே வச்சுக்கிடும், மிச்சம் இருக்கத நான் சொல்லுத வெலைக்குப் போடும்'னு எந்திரிச்சிருவாரு. அப்புறம் நாங்கதான் பின்னாலயே ஓடணும். ஒம்மாலதான் ஓய் எங்க வெலையெல்லாம் விழுந்துச்சு! நீரு நல்லா இருப்பீரா?"

"எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே" என்றேன்.

"நானும் கேட்டேன். அந்த ஆளுகிட்டச் சொன்னா என்னவேன்னு. 'சொன்னா சம்பளம் கூடக் கேப்பாரு, நம்ம அடக்கவெலை ஏறிரும்'னு சொல்லிச் சிரிச்சாரு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டும் சேர்ந்து வந்தது. என் கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு அவர் நின்ற நிலை நினைவுக்கு வந்தது. எதை வாங்கினால் என்னால் நூற்க முடியும் என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் சந்தைக்குப் புறப்பட்டிருக்கிறார். கடைசிவரை சிக்கனம் பிடித்திருக்கிறார், பாருங்கள்! பஞ்சில் மட்டுமா, ஒரு நல்ல வார்த்தையிலும். ஆயுள் முழுக்க அவர் வாங்கியதில் அடிமாட்டு விலைக்கு வாங்கியது என்னைத்தான்.

இப்போது எனக்கு அந்த மாலைமேல் ஆசை இல்லை. பொறாமையெல்லாம் அந்தத் தரகர்கள்மேல் திரும்பிவிட்டது. நான் கேட்க ஏங்கிய வார்த்தையை அவர் வாயாலேயே அவர்கள் கேட்டிருக்கிறார்கள், அதுவும் சந்தைக்குச் சந்தை. பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கிடைக்காதது வில்லிசேரிக்காரனுக்கும் எட்டயபுரத்துக்காரனுக்கும் கிடைத்திருக்கிறது. இதை நான் எங்கே போய்ச் சொல்லி அழ?

நான் எழுந்து புறப்பட்டபோது ரெட்டியார் விடாமல் வண்டிவரைக்கும் கூடவே வந்து திட்டினார். கரிசல் காட்டில் எந்தத் தரகர் வீட்டிலும் உமக்கு ஒரு செம்புத் தண்ணீர் கிடைக்காது என்றார். அவரை நிறுத்தாமல் பேசவிட்டேன். நெல்லையப்ப பிள்ளை எனக்காக விட்டுப்போனது அந்தத் திட்டு ஒன்றுதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன். அதில் ஒருவருக்கும் பங்கு தருவதாக இல்லை.