ஆய்வு நாளில் நல்ல உடுப்பு

எனக்கு மெயில் என்றாலே பயம். திறப்பதற்கு முன்பே உள்ளங்கை வேர்த்துவிடும். சென்னை அறக்கட்டளையிடமிருந்து மெயில் வந்த அன்று, போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு வகுப்பை முடித்த பிறகுதான் திரும்ப எடுத்தேன். கணினி அறைக்காக நாங்கள் போட்ட விண்ணப்பம் முதல் சுற்றில் தேறியிருந்தது. பள்ளியை நேரில் பார்க்க இரண்டு பேர் வரப்போகிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். எனக்கோ எதைப் பார்த்து வேண்டாம் என்பார்களோ என்ற கவலைதான் வந்தது.

தென்காசிக்குப் பக்கத்தில், ஒரு தெருவுக்குள் இருக்கும் உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியை. கொஞ்ச வருடங்களாகத் தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் தெருமுனை வரை வந்து எங்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. "அங்க கம்ப்யூட்டர் இருக்கு டீச்சர்" என்பதுதான் போகிறவர்கள் சொல்லும் காரணம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கணினி. அதுவும் ஆபீஸ் வேலைக்கு. பிள்ளைகள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. பள்ளியின் தாளாளர் கடைசியாக வந்தபோது பாக்கை மென்றுகொண்டே சொன்னார்: "அடுத்த ஜூன்ல ஆறாப்புக்கு ஆள் சேரலேன்னா, அஞ்சோட நிறுத்திக்கிடலாம் டீச்சர்." கடைக்கு ஷட்டர் போடுவது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

மற்ற பிள்ளைகள் பஸ் ஏறி வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் மட்டும் போகமாட்டாள். அவளுடைய அண்ணனை மெயின் ரோட்டில் வைத்து, கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் லாரி ஒன்று அடித்துப் போட்டது. உயிர் தப்பினான். இப்போது ஊன்றுகோலோடு வீட்டுக்குள்ளேயே கிடக்கிறான். வாப்பா வளைகுடாவில். அந்தப் பெண்ணின் உம்மா என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "இங்கன ஆறாப்பு இருந்தா படிப்பா டீச்சர். இல்லேன்னா அந்த ரோட்டத் தாண்டி நான் விட மாட்டேன். படிப்பு போனாப் போட்டும், பிள்ள இருக்கட்டும்." அவளைக் குறை சொல்ல முடியாது. தினமும் அதே ரோட்டை ஸ்கூட்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டுகிறவள் நான்.

அந்தப் பயத்தில்தான் நிதி தேட ஆரம்பித்தேன். பள்ளி விட்ட பிறகு உட்கார்ந்து கம்பெனி கம்பெனியாக எழுதிப் போட்டேன். பல இடங்களில் பதிலே இல்லை. ஒருவர் தன் பெயர்ப்பலகை எவ்வளவு பெரிதாக வைப்பீர்கள் என்று மட்டும் கேட்டார். அவர் கேட்ட அளவுக்கு எங்கள் வாசலில் சுவர் கிடையாது. கடைசியில் இந்த அறக்கட்டளைதான் பிடி கொடுத்தது. வசதி போய்ச் சேராத இடங்களுக்கு மட்டுமே தருவோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நானும் உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், பலருக்குச் சம்பளம் ஒழுங்காக வருவதில்லை, பெண்கள் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள், ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதையும் வாப்பா கூப்பிடும் நேரத்துக்காகப் பிள்ளைகள் தொடாமல் எடுத்து வைத்திருப்பார்கள் என்றெல்லாம்.

சென்னையிலிருந்து போனில் பேசிய பெண் நல்லவிதமாகத்தான் பேசினார். "எந்த ஏற்பாடும் வேண்டாம் மேடம். பிள்ளைங்க எப்பவும் போல இருந்தா போதும்." நான் அம்மாக்களைக் கூப்பிட்டு இதை அப்படியே சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் தலையாட்டிய வேகத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அது ஜூலை மாதம், குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. எங்கள் பக்கம் ஆய்வுக்கு வருகிறவர்கள் தண்ணீர் விழும் நாளாகப் பார்த்துத்தான் வருவார்கள். குறை சொல்லவில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் வருவேன். ஆனால் முந்தின நாள் மலையில் நல்ல மழை பெய்து, மெயினருவியில் குளிக்கத் தடை என்று செய்தி வந்ததும் எனக்குப் புதுப்பயம் பிடித்துக்கொண்டது. குளிக்க முடியாத எரிச்சலோடு வந்து நின்றால் எங்கள் பள்ளியில் எது அவர்கள் கண்ணுக்கு நல்லதாகத் தெரியும்? காலையில் தடையை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் எனக்குக் காப்பியே இறங்கியது.

பள்ளிக்குப் போனால், கேட்டுக்குள் ஒரு கல்யாண வீடே நின்றுகொண்டிருந்தது. ஒரு பிள்ளை உடம்பிலும் யூனிஃபார்ம் இல்லை. சரிகைப் பாவாடை, ஜிகினா வைத்த கவுன், தலை கொள்ளாத மல்லிகைப்பூ. ஒரு பையன் கோட்டு போட்டுக் கூலிங்கிளாஸ் மாட்டியிருந்தான். அத்தர் வாசனை தெருவரைக்கும் வந்தது. அந்த ஐந்தாம் வகுப்புப் பெண் வாப்பா எப்போதோ பெருநாளுக்கு அனுப்பிய கவுனில் நின்றாள். விளிம்பைப் பிரித்து இறக்கித் தைத்த இடத்தில் பழைய மடிப்பின் கோடு தெரிந்தது. அது என் கண்ணுக்குத் தெரியும். வருகிறவர்கள் கண்ணுக்கு ஜிகினாதானே தெரியும்?

அவள் உம்மாவிடம் போய், "எப்பவும் போல அனுப்புங்கன்னுதானம்மா சொன்னேன்" என்றேன். என் குரல் எனக்கே அழுகை போலக் கேட்டது.

"அதெப்படி டீச்சர்? வெளியூர்க்காரவிய வரும்போது பழச மாட்டி அனுப்புவோமா? நம்மள இல்லாதப்பட்டவியன்னு நெனச்சிரப் படாதுல்லா."

நினைத்தால்தானே தருவார்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவளுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பிரியாணிச் சட்டியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பி உடுப்பு மாற்றச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் கார் தெருவுக்குள் திரும்பிவிட்டது.

ஓர் ஐயாவும் ஒரு மேடமும் இறங்கினார்கள். தலையில் இன்னும் அருவி ஈரம். பின்சீட்டில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. நல்ல மனநிலையில்தான் வந்தார்கள், அதுவரைக்கும் என் வேண்டுதல் பலித்திருந்தது. வகுப்பறைக்குள் வந்ததும் மேடம் பிள்ளைகளைப் பார்த்து, "இன்னைக்கு ஏதாவது விழாவா?" என்று சிரித்தார். நான் ஏதோ உளறினேன். அவர் நேராக அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணிடம் குனிந்தார். வருகிறவர்கள் கை எப்போதும் பளிச்சென்று இருக்கிற பிள்ளையிடம்தான் போகும்.

"அப்பா என்ன பண்றாங்க?"

"துபாய்ல சூப்பர்வைசர்" என்றாள்.

அவள் வாப்பா சம்பளம் வராமல் மாதக்கணக்காக ஒரு லேபர் கேம்பில் முடங்கிக் கிடக்கிறார். அவள் உம்மா அதை என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அந்த உம்மாதான் இப்போது கையில் தட்டோடு வாசலில் நின்றாள்.

"வீட்ல கம்ப்யூட்டர் இருக்கா?"

பெண் வாசலைப் பார்த்தாள். "இருக்கு. வாப்பா அனுப்பிருக்காவ."

மேடம் நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தார். "வேற யார் வீட்லெல்லாம் இருக்கு?"

ஒரு கை உயர்ந்தது. அப்புறம் கோட்டுப் பையன் கை. அப்புறம் கடகடவென்று வகுப்பு முழுவதும் கை. ஒருத்தி இரண்டு கையையும் தூக்கினாள். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். இல்லை, எல்லாம் பொய், இவள் வாப்பாவுக்கே சாப்பாட்டுக்கு வழியில்லை என்று சொன்னால் உதவி கிடைத்துவிடும். ஆனால் வகுப்பு முழுக்க அவளைத் திரும்பிப் பார்க்கும். அவள் உம்மா தட்டோடு நிற்பாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆபீஸ் ரூமில் தனியாகச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். உம்மா விட்டால்தானே. அவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று, இன்னும் கொஞ்சம் வைங்க என்று அள்ளி அள்ளி வைத்தாள். கடைசியில் கார் பக்கம் ஓடிப் போய் ஐயாவிடம் மெதுவாகச் சொன்னேன், யார் வீட்டிலும் கணினி இல்லை என்று. அவர் கார் கதவைத் திறந்துகொண்டே சிரித்தார். "குழந்தைங்க பொய் சொல்லுமா மேடம்? பயப்படாதீங்க, நாங்க பார்த்ததை நல்லாவே எழுதறோம்." அடுத்த பள்ளி சுரண்டைப் பக்கம், நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்கள்.

நல்லாவேதான் எழுதினார்கள். பள்ளியின் சூழல் மிகுந்த மகிழ்ச்சி தந்தது, ஆனால் இந்த ஆண்டு உதவி இதைவிடத் தேவை அதிகமுள்ள பள்ளிக்குப் போகிறது என்று மெயில் வந்தது. படித்துவிட்டு யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கோபம் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது, பயம்தான் மிச்சம் இருந்தது. கண்ணுக்கு முன்னால் அந்த ரோடுதான் வந்தது.

விட்டுவிடவில்லை. வேறொரு அறக்கட்டளைக்கு எழுதினேன். அவர்களும் நேரில் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். இந்த முறை யாரிடமும் சுற்றி வளைத்துப் பேசக் கூடாது என்று முடிவு செய்து, அந்த உம்மாவைப் பள்ளி விட்ட பிறகு வரச் சொன்னேன். விரல் நுனியில் பீடித்தூள் ஒட்டியிருக்க அப்படியே வந்தாள்.

"போன தடவ கெடைக்கலல்லா டீச்சர்? சாப்பாடு பிடிக்கலையோ?"

"சாப்பாடெல்லாம் அருமைம்மா." இனி உள்ளதைச் சொன்னால் அவள் பிள்ளையை இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்று எனக்குப் பயம். "நமக்கு ஒண்ணும் குறைவில்லன்னு அவங்க நெனச்சுட்டாங்க. குறை தெரிஞ்சாத்தான் தருவாங்க. பிள்ளைங்க உள்ளதச் சொல்லணும். வாப்பா விஷயத்தையும்."

அவள் முந்தானையை இழுத்து விரல்களைத் துடைத்தாள். முகத்தில் ஏறிய கோபம் மெல்ல இறங்கியது. கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்போ சரி டீச்சர்" என்றாள். "உடுப்பு பழசா இருந்தாப் போதுமா? இல்ல, கிழிஞ்சிருக்கணுமா?"

கேலியாகக் கேட்கவில்லை. ரோட்டுக்குப் பயந்து கேட்டாள். நான் எதைச் சொன்னாலும் அப்படியே செய்துவிடுவாள் என்று தெரிந்ததும், அதுவரை பட்டதெல்லாம் பயமே இல்லை என்று எனக்குத் தோன்றியது.