அம்மா கிள்ளிய குருத்து

ரப்பர் செடியின் குருத்தைக் கிள்ளினால் வடியும் பால் இருக்கிறதே, அது விரலில் பட்டால் லேசில் போகாது. பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, சோப்புக்கும் மசியாமல் நகக்கண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பிசுபிசுப்பை நான் முதன்முதலில் தொட்டது மூணாறில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ‘லயத்து’ வீட்டில், என் அம்மாவின் பெருவிரலில். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செடியைக் கொண்டுவந்தவள் என் அக்கா. பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் அத்தை வீட்டில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவள், ஓணம் லீவுக்குத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கோவிந்தாபுரம், பொள்ளாச்சி, உடுமலை என்று பஸ் மாறி மாறி மலையேறி வந்து சேர்ந்தாள். வெயில் ஊரில் வளர்ந்த செடி எங்கள் வீட்டுக் குளிரைக் கண்டதும் மளமளவென்று இலையை உதிர்த்தது. நான் பதறினேன், அவள் பதறவில்லை. “புது எடம்லா, பழக நாளாகும். ஜன்னல் பக்கம் வெளிச்சத்துல வை. மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி ஊத்து. எடத்த மட்டும் மாத்தாத” என்றவள், லீவு முடிந்து கிளம்பும்போது, “கிறிஸ்மசுக்கு நான் வாரப்ப ஒரே ஒரு புது எல விட்டிருக்கணும், அப்பத்தான் உன்னய சித்தூருக்குக் கூட்டிட்டுப் போவேன்” என்றும் சொல்லிவிட்டுப் போனாள். மலையை விட்டுக் கீழே இறங்கியே அறியாதவள் நான். எனக்கு அந்த ஒற்றை இலைதான் பஸ் டிக்கெட்.

ஆனால் எங்கள் வீட்டு ஆட்கள் சொன்னால் கேட்கிற ஜென்மங்களா? அப்பா ஃபேக்டரியிலிருந்து வந்ததும் வராததுமாக, “பனியில வெறச்சுப் போயிரும், பாவம்” என்று தொட்டியைத் தூக்கி அடுப்பங்கரைப் புகையில் வைப்பார். விடிந்தால் “வெயில் காயட்டும்” என்று வாசலில் வைப்பார். நான் தூக்கிக்கொண்டு வந்து மறுபடி ஜன்னலோரம் வைப்பேன். அம்மாவோ குடித்து மிஞ்சிய தண்ணீர், டீ வடித்த சக்கை எல்லாவற்றையும் அதன் தலையில்தான் கொட்டுவாள், கேட்டால், “ஏட்டி, தண்ணி ஊத்துனா கோவிச்சுக்கிடுமாக்கும்?” என்பாள். அடுத்த வீட்டு எஸ்தர் சித்தி ஒருபடி மேலே போய், எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்க இருந்த அன்று, “சபைக்காரங்க வாரப்ப பளபளன்னு இருக்க வேண்டாமா?” என்று இலைகளுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டாள். இலை இலையாக ஈரத்துணியால் துடைத்துவிட்டு நான் தலையில் அடித்துக்கொண்டேன். செடியைப் பழக்குவதைவிட இந்த மனிதர்களைப் பழக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

இத்தனையையும் தாண்டி, டிசம்பர் பனியில், செடியின் உச்சியில் சிவப்பாக, கூராக, இறுக்கிச் சுருட்டிய குருத்து ஒன்று எட்டிப் பார்த்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்று பள்ளிக்கூடமே ஓடவில்லை. ‘யாராவது தொட்டீங்க, அவ்வளவுதான்’ என்று அப்பாவிலிருந்து எஸ்தர் சித்தி வரைக்கும் எல்லோரையும் மிரட்டி வைத்தேன். அது நாளுக்கு நாள் நீண்டுகொண்டே வந்தது. அக்கா வருவதற்குள் விரிந்துவிடும் என்று இருந்தேன்.

அக்கா வரவிருந்த வாரத்தில், ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் குருத்தைக் காணோம். இருந்த இடத்தில் ஒரு பால்துளி மட்டும் திரண்டு நின்றது. அம்மா அங்கேயே, ஜன்னலில் சாய்ந்து, வெளியே நின்ற எஸ்தர் சித்தியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய முதுகுக்குப் பின்னால் தரையில் கிடந்தது என் குருத்து. வருஷக்கணக்காகத் தேயிலைக் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி முதுகுக் கூடையில் போட்ட கை அல்லவா, பேச்சு சுவாரசியத்தில் வீட்டிலும் கிள்ளித் தோளுக்குமேல் எறிந்திருக்கிறது! கூடை இல்லை என்பதுகூட அதற்கு உறைக்கவில்லை. “நான் எங்கட்டி கிள்ளுனேன்?” என்று அம்மா சத்தியம் செய்யாத குறைதான். நான் அவள் பெருவிரலைப் பிடித்துக் காட்டிய பிறகுதான், “கை தன்னால போயிருச்சு போலட்டி” என்று முழித்தாள். நான் தரையில் உருண்டு புரண்டு அழுதேன்.

அக்கா வந்து பார்த்தாள். “செடிய உன்கிட்ட விட்டுட்டுப் போனேனா, எஸ்டேட்டுகிட்ட விட்டுட்டுப் போனேனா?” என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, லீவு முடிந்ததும் என்னை விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

கூத்து அதோடு முடியவில்லை. ஈஸ்டர் வந்தபோது கிள்ளிய இடத்துக்குக் கீழே ஒன்றுக்கு இரண்டாகக் குருத்து வெடித்தது. உடனே அம்மா, “நான் கிள்ளிக் கவாத்து பண்ணேம்லா, அதான் ரெண்டா வந்திருக்கு” என்று லயம் முழுக்கப் பெருமை பேசினாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதற்கு ஒரு அளவு வேண்டாமா? பெரிய லீவில் அக்கா என்னைச் சித்தூருக்குக் கூட்டிப்போனாள் என்பதையும், அந்த ஊர் வெக்கை தாங்காமல் மறுநாளே ‘அம்மாகிட்ட போணும்’ என்று நான் அழுததையும் இங்கே விரிவாகச் சொல்லப்போவதில்லை.

இப்போது அம்மா பாலக்காட்டில் என்னோடு இருக்கிறாள். வேலையிலிருந்து நின்றதும் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. சும்மா இருக்க மாட்டாமல் நானும் ஒரு ரப்பர் செடி வாங்கி வந்தேன். அதுவும் வந்ததும் இலையை உதிர்த்தது. என் வீட்டுக்காரர், அப்பாவுக்கு ஏற்ற மருமகன், தினமும் தொட்டியை இடம் மாற்றி வைத்தார். கத்திக் கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். எப்படியோ போன மாதம் சிவப்பாகக் குருத்து விட்டது.

ஒரு நாள் பார்த்தால், அம்மா அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பழைய பயத்தில், “தொடாதம்மா!” என்று அலறினேன். “கொழுந்து முத்துதட்டி, யாரும் எடுக்கலையா?” என்றபடி அவள் கையை நீட்டினாள். பெருவிரலும் சுட்டுவிரலும் குருத்தின் இருபக்கமும் போய் நின்றன. அவ்வளவுதான். மூட்டுவாதத்தில் இறுகிப்போன விரல்கள் அவை, சோறுகூட நான்தான் பிசைந்து ஊட்டுகிறேன். குருத்தை அணைத்துக்கொண்டு நின்றனவே தவிர, சேரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு எதற்காக உருண்டு புரண்டு அழுதேனோ, அந்த இலை இப்போது அகலமாக விரிந்து, ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வருகிறது. கிள்ளித் தொலைத்திருக்கலாமே, அம்மா.