மஞ்சள் பட்ட பந்து

றொமேஷ் பந்தில் ஏதோ பூசுகிறான் என்று முதலில் சொன்னது எதிரணிக்காரர். முதலில் நம்பியது எங்கள் ஆட்கள்.

றொமேஷ் என் சித்தியின் மகன் செபமாலைமுத்துவின் கடைசிப் பிள்ளை. வயது முப்பத்தாறு. தகப்பன் போன பிறகு, கோலியர்ஸ் வுட்டில் தாய் பெர்னடெற்றோடு இருக்கிறான். தபால் பிரிக்கிற இடத்தில் விடியப்புற ஷிப்ட். கனடாவில் பெரியப்பன் வீட்டில் இருந்த காலத்தில் பேஸ்போல் பழகிவிட்டான். இங்கே வந்ததும் கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்ட சொந்தக்காரர் எல்லாரையும் பகைத்துக்கொண்டு, ஒரு சின்ன பேஸ்போல் கிளப்பில் போய்ச் சேர்ந்தான். அதற்குத் தலைவர் ஈஸ்ட் ஹாம் ஞானேஸ்வரன். றொமேஷ் எறிகிற பந்தைக் குந்தியிருந்து பிடிப்பவரும் அவர்தான்.

போன வருடம் இறுதிப்போட்டி மூன்று ஆட்டம். இரண்டை வென்றவருக்குக் கிண்ணம். முதல் ஆட்டத்தில் றொமேஷ் எறிந்தான். பந்து நெஞ்சுக்கு நேரே வரும். மட்டையை வீசினால் முழங்காலுக்கு இறங்கிவிடும். மூன்று தரம் தவறவிட்டால் அவுட். அன்றைக்குப் பதினாறு தரம் அவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள். ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றார்கள்.

அன்று பின்னேரமே எதிரணித் தலைவன் முறைப்பாடு எழுதிக் கொடுத்தான். எதையாவது பூசினால் பந்து கண்டபடி வளையுமாம். பிடிபட்டால் கிண்ணம் போகும். றொமேஷுக்கு இரண்டு வருடம் தடை.

மறுநாள் வேறொருவன் எறிந்து எங்கள் ஆட்கள் தோற்றார்கள். மூன்றாம் ஆட்டம் அடுத்த ஞாயிறு. அதற்குத் திரும்பவும் றொமேஷ்தான்.

இடையில் ஞானேஸ்வரன் றொமேஷ் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். என்ன போடுறீர்?"

"ஒண்டும் இல்லை அண்ணை."

"அடிக்கடி தொப்பியைத் தொடுறீர்."

"வேர்க்குது, தொடுறன். என்ரை பந்தைப் பிடிக்கிற ஆள் நீங்கள். பூசினால் முதல்லை உங்களுக்கெல்லே தெரியும்?"

"அதைத்தான் யோசிக்கிறன். எனக்கே தெரியாமல் செய்யிறதெண்டால், நீர் எவ்வளவு கெட்டிக்காரனாய் இருக்கோணும்!"

செபமாலைமுத்துவின் தகப்பன் வழியில் எல்லாருக்கும் விரல் நீளம். செபமாலைமுத்துவின் தங்கை றோஸ்மலருக்குக் குளிருக்குக் கையுறை வாங்குவதென்றால் ஆம்பிளைகள் பக்கம்தான் போகவேண்டும். அந்த விரல்தான் பந்தைச் சுழற்றுகிறது என்று சொன்னேன். ஞானேஸ்வரன் என்னையும் ஒரு மாதிரிப் பார்த்தார்.

அவர் போனதும் பெர்னடெற் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "இவன்தான் அங்கை போய்ச் சொல்லியிருப்பான். சிரிக்கிற சிரிப்பே சரியில்லை."

"சும்மா இருங்கோ அம்மா. அவர் கப்டன்."

"கப்டன் எண்டால்? காட்டிக் குடுக்க ஏலாதோ?"

எறிந்தெறிந்து றொமேஷின் நடுவிரலில் கொப்புளம் எழும்பி உடைந்திருந்தது. ஞாயிறு காலை பூசையால் வந்த கையோடு, பெர்னடெற் மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து அதில் அப்பிவிட்டாள். அவன் காரில் டிஷ்யூவால் துடைத்துக்கொண்டான். காயத்துக்கு மருந்துதானே. அதுவும் ஒரு பூச்சு என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

ஆறாவது சுற்று. எங்களுக்கு ஒரு புள்ளி, அவர்களுக்கு ஒன்றுமில்லை. எதிரணித் தலைவன் பந்தை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். வெள்ளைத் தோலில் மஞ்சள் கீற்று, எனக்கே தெரிந்தது.

நடுவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். மைதானத்தின் நடுவுக்கே வந்துவிட்டா. ஞானேஸ்வரன் முகமூடியைக் கழற்றி, "நான் அண்டைக்கே கேட்டன்" என்றார். அதற்குமேல் ஒரு சொல் றொமேஷுக்காகச் சொல்லவில்லை.

நான் பிடிக்கமுதல் பெர்னடெற் உள்ளே ஓடிவிட்டாள். "நான்தான் பூசினது! என்னை வெளியாலை போடச் சொல்லு!" இடையில் மருந்து காய்ந்தால் திரும்பப் போடவென்று கைப்பையில் கொண்டுவந்த சின்னப் போத்தலையும் எடுத்து நீட்டினாள்.

எதிரணிக்காரருக்கு வேறென்ன வேண்டும்? போத்தலோடு வந்திருக்கிறார்கள் என்று கத்தினார்கள்.

"அம்மா, கும்பிட்டுக் கேக்கிறன், அதை மூடுங்கோ" என்றான் றொமேஷ். பிறகு விரலை விரித்து நடுவரிடம் காயத்தைக் காட்டினான்.

நடுவர் போத்தலை மணந்து பார்த்து, காயத்துக்கு மருந்துதான் என்று ஒத்துக்கொண்டா. ஆனாலும், சோப் போட்டுக் கழுவ வேண்டும், பிறகு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பேன், கறை பிடித்தால் அவன் வெளியே என்றா. இரண்டு அணியும் குழாயடிக்குக் கூடவே போனது. உடைந்த கொப்புளத்தில் சோப்பைத் தேய்த்தான். கண்ணால் தண்ணீர் வந்தது. விரல் மஞ்சளாகவேதான் இருந்தது. துணி வெள்ளையாக வந்தது.

அதற்குப் பிறகு அவன் எறிந்த ஒவ்வொரு பந்தையும் நடுவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பந்து முன்னைப் போலவே இறங்கியது. கடைசியாக அடிக்க வந்தவன் எதிரணித் தலைவன். மூன்று வீச்சு, மூன்றும் காற்றில்.

கிண்ணம் எங்களுக்கு. எதிரணித் தலைவன் வந்து றொமேஷின் கையைப் பிடித்துக் குலுக்கினான். பத்தடி போனதும் தன் உள்ளங்கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான்.

"பார், மணக்கிறான்" என்றாள் பெர்னடெற்.

றொமேஷும் கண்டான். படம் எடுக்க எல்லாரும் கிண்ணத்தைச் சுற்றி நின்று கையைப் போட்டார்கள். அவன் ஓரத்தில் நின்றான், வலக்கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு.