காலியாக விட்டிருக்கலாம் என்றார்கள்

இந்த ஊரில் நான் சொல்வதை எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். மருந்துக்கடையில் பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னால் போதும், மருந்து கைக்கு வந்துவிடுகிறது. ஆறு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. எங்கே போனாலும் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டுதான் போகிறேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ராணுவத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் புக், எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று ஜெராக்ஸ். இதுவரை யாரும் அதைத் திறக்கச் சொன்னதில்லை.

பத்தாவது முடித்த கையோடு ஆள்சேர்ப்பு முகாமில் ஓடி, தேறி, பட்டாளத்துக்குப் போனவன் நான். பதினேழு வருடம். அதில் பெரும்பகுதி பனிமலைகளில் தொலைபேசிக் கம்பி இழுத்தேன். வெளியே வந்த பிறகு துபாயில் காவலாளி, பினாங்கில் ஹோட்டல் வேலை. எங்கேயும் கால் தரிக்கவில்லை. கடைசியில் மனைவி வசந்தியின் நர்ஸ் வேலை எங்களை ஆக்லாந்துக்குக் கொண்டுவந்தது. இப்போது மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். இடுப்பு இனி ரொம்ப நாள் தாங்காது. கைக்குத் தெரிந்த தொழில் கம்பி வேலைதான். அதை ஒட்டிய எலக்ட்ரீஷியன் வேலையை இங்கே செய்ய முறையாகப் படித்து லைசென்ஸ் வாங்க வேண்டும். எனக்கு வயது நாற்பத்தாறு.

கூட வேலை செய்யும் செல்வரத்தினம் அண்ணன் மன்னார்க்காரர். மகளின் பிறந்தநாளுக்கு மண்டபம் பார்க்கப் போன இடம் பழைய படைவீரர்களின் சங்கமாம். அங்கே சுவரில் ஓர் அறிவிப்பைப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஆமியில இருந்த ஆக்களுக்குப் படிக்கக் காசு குடுக்கினமாம் தம்பி. எந்த நாட்டு ஆமி எண்டாலும் பரவாயில்லையாம். உம்மட ஆமியும்தான்.”

“பரவாயில்லைன்னு அவங்க சொன்னாங்களா, நீங்க சொல்றீங்களாண்ணே?”

“அவை சொன்னது. என்னைக் கேட்டா அது வேற கதை.”

சிரித்தார். எங்கள் ராணுவம் அவர் நாட்டில் இருந்த காலத்தின் அந்த வேறு கதையை அவர் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை. இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சோறு பகிர்ந்து சாப்பிடுகிறோம்.

விண்ணப்பத்தில் படிக்கப்போகும் கல்லூரியின் பெயர் எழுத ஒரு கட்டம் இருந்தது. காலிக் கட்டம் என்றால் எனக்குப் பயம். பட்டாளத்தில் இருந்தபோது ஒருமுறை ஊரிலிருந்து தந்தி மாதிரி அவசரமாகப் போன் வந்தது, அப்பா சீரியஸ் என்று. லீவ் ஃபாரத்தில் ஒரு கட்டத்தை எழுதாமல் விட்டேன் என்று கிளார்க் அதைத் திருப்பி அனுப்பினார். மறுபடி எழுதி, கையெழுத்து வாங்கி, ரயில் ஏறி நான் போனபோது காரியமே முடிந்திருந்தது. அதோடு, எங்கள் ஊரில் உதவித்தொகை என்றால் முதலில் சீட் வாங்க வேண்டும், பிறகு கல்லூரியில் போனஃபைட் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் விண்ணப்பம். இங்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். எலக்ட்ரீஷியன் படிப்புக்கு ஒரு வருடம் காத்திருக்கச் சொன்னார்கள். நகரத்தில் ஒரு மாடியில் நடக்கும் கல்லூரி, வியாபார நிர்வாகப் படிப்புக்கு அன்றைக்கே கடிதம் கொடுத்தது. சேர்ந்துவிட்டேன். கட்டம் நிரம்பியது.

சங்கத்தில் விண்ணப்பங்களைப் பார்ப்பவர் ஜூடித் என்ற அம்மா. ஃபைலைப் பிரித்துப் பரப்பினேன். அவர் ஒன்றையும் தொடவில்லை.

“வியாபாரம் படிக்கவா ஆசை?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“எஸ் மேடம்” என்றேன். மேலதிகாரி கேட்டால் வேறு பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அவர் மகிழ்ந்துபோனார். இந்த உதவி ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே முறை, சேர்ந்த படிப்புக்கே தந்துவிடலாம், சிக்கலில்லை என்றார். பிறகு பேச்சுவாக்கில், “பலரும் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலேயே வந்துவிடுவார்கள். உட்கார்ந்து பேசி, சேர்ந்து தேடுவோம். நீங்களும் இதைக் காலியாக விட்டிருக்கலாம்” என்றார்.

“காலியா விட்டா தள்ளுபடி பண்ண மாட்டீங்களா?”

“எதற்கு?”

அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. நான் காகிதங்களை மறுபடி ஃபைலில் அடுக்கினேன்.

பணம் இழக்காமல் கல்லூரியிலிருந்து விலக இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. லின்ஃபீல்டில் எங்கள் வீட்டில் வசந்தி டூட்டி முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“கிடைக்கிறதை வாங்கிக்கிட்டுப் படிங்க. இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க உங்களுக்கென்ன இருபது வயசா?”

அவள் சொன்னதில் தப்பில்லை. மறுநாள் கிடங்கில் செல்வரத்தினம் அண்ணனிடம் சொன்னேன்.

“கம்பி இழுத்த மனுசன் வியாபாரம் படிச்சு என்ன செய்யப்போறீர்?”

“டை கட்டலாம்லண்ணே.”

“ஓம், ஓம். ஃபோர்க்லிஃப்டுக்கு டை நல்ல வடிவாத்தான் இருக்கும்.”

நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் களைப்பாக இருந்தது. மத்தியான இடைவேளையில் கல்லூரிக்குப் போன் செய்து விலகிக்கொள்வதாகச் சொல்லி, ஈமெயிலும் அனுப்பினேன். காரணம் கேட்டதற்கு, அது என் தொழில் இல்லை என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஐந்து நொடிகூட ஆகவில்லை.

வேலை முடிந்து நேராகச் சங்கத்துக்குப் போய்ப் புது விண்ணப்பம் கொடுத்தேன். கல்லூரியின் பெயர் இல்லாத விண்ணப்பம். முடிவு செய்யும் குழு அடுத்த மாதம் கூடும், எதையும் இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் ஜூடித். எலக்ட்ரீஷியன் படிப்பில் இடம் கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. வசந்தியிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி சங்கத்தின் பார் வழியாகக் கதவை நோக்கி நடந்தேன்.

அப்போது மணி ஆறு. விளக்குகளைத் தணித்தார்கள். பியர் கிளாஸ்களை மேசையில் வைத்துவிட்டு எல்லாரும் எழுந்து ஒரே பக்கம் திரும்பினார்கள். இறந்துபோன வீரர்களுக்காக அங்கே தினமும் இப்படி நிற்பார்களாம். எனக்கு அது தெரியாது. ஆனால் என் உடம்புக்குத் தெரிந்திருந்தது. உள்ளே யாரோ இந்தியில் ‘சாவ்தான்’ என்று கட்டளையிட்டது போலக் குதிகால்கள் சேர்ந்தன, கட்டைவிரல்கள் பேன்ட் தையலைத் தொட்டன. ஒரு கிழவர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், எல்லாரும் தாழ்ந்த குரலில் திருப்பிச் சொன்னார்கள். பனிச்சரிவில் புதைந்த இரண்டு பேரை நினைத்தேன். அடுத்து, செல்வரத்தினம் அண்ணன் சொல்லாமல் விட்டவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. விளக்கு வந்ததும் பக்கத்தில் நின்றவர் என் தோளைத் தொட்டு, “இறந்தவர்களில் உங்கள் ஆட்கள் யார்?” என்று கேட்டார். மற்றவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நான் இன்னும் விறைப்பாக நின்றுகொண்டிருந்தேன்.