எண்ணெய்ச் சட்டி வைக்காத தீபாவளி

சாவு விழுந்து வருஷம் திரும்பாத வீட்டில் தீபாவளி கிடையாது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. பலகாரத்தை அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்தால் தின்னலாம், நாமாகச் சுடக் கூடாது. எங்கள் வீட்டில் அந்த ஆடியில் அப்பா போயிருந்தார். இந்தச் சட்டங்களை எடுத்துச் சொன்னவள் அத்தை, அப்பாவின் அக்கா. எங்களுக்குத் துணையாக வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்து தங்கியிருந்தாள்.

ஆடியிலிருந்து அம்மா வாசற்படியைத் தாண்டவே இல்லை. சோறு போடுவாள், சுவரோரம் போய்ப் படுத்துக்கொள்வாள். தம்பி சட்டையெல்லாம் சேறாக வந்து நின்றாலும் ஏன்டா என்று கேட்க மாட்டாள். திட்டு விழாத வீடு வசதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் தெருவில் தீபாவளிக்கு முன்னால் பிஸ்கட் போடும் பழக்கம் உண்டு. மைதா, சர்க்கரை, டால்டா மூன்றையும் வீட்டிலிருந்து கொண்டுபோனால், பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரியில் கூலிக்குச் சுட்டுக் கொடுப்பார்கள். பிசைவதும் அலங்காரம் பண்ணுவதும் நம் வேலை, அடுப்பு மட்டும் அவர்களுடையது. தட்டு மாறிப்போகாமலிருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம். எதிர்வீட்டுச் சிநேகிதி வீட்டில் சோடா மூடியால் அழுத்துவார்கள். அவளும் அவள் அம்மாவும் புறப்படுவதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சட்ட நுணுக்கம் உதித்தது. எனக்கு அப்போதே வாய் நீளம்.

"அத்தே, எண்ணெச் சட்டிதான வைக்கக் கூடாது? பிஸ்கட்டுக்குச் சட்டியும் கெடையாது, எண்ணெயும் கெடையாது. அடுப்பும் நம்ம வூட்டு அடுப்பு இல்ல."

அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சிநேகிதியின் அம்மாவைக் கூப்பிட்டு விசாரணையே நடத்தினாள்.

"டால்டா எண்ணெ கணக்குல வராதா?"

"அது கெட்டியாத்தானக்கா இருக்குது" என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அத்தை உள்ளே படுத்திருந்த அம்மாவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"இந்தாம்மா, புள்ளைங்க மாவு டின்ன தூக்கிக்கினு தனியா போவ முடியாது. எனக்கு முட்டி வலி ஜாஸ்தி. நீ கூடப் போய்ட்டு வா."

முந்தின நாள்தான் அத்தை தலையில் விறகுக் கட்டோடு ஏரிக்கரையிலிருந்து நடந்து வந்திருந்தாள். முட்டி வலி எப்போது வந்தது என்று கேட்க வாயெடுத்தேன். சிநேகிதியின் அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டாள்.

அம்மா வந்தாள். முந்தானையைப் போர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, எல்லாருக்கும் பின்னால். பேக்கரியின் பின்கட்டில் பெண்களும் பிள்ளைகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நல்ல நாளும் அதுவுமாக யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று அம்மா சுவரோரம் ஒதுங்கினாள்.

"நிக்கிறியே, மாவ யாரு பெசையறது? வா" என்று சிநேகிதியின் அம்மா நகர்ந்து இடம் விட்டாள். மற்றவர்களும் நகர்ந்தார்கள். அம்மா உட்கார்ந்தாள்.

அவள் பிசைந்து உருட்டித் தட்டிக் கொடுக்க, நாங்கள் கலர் சீரக மிட்டாயைப் பதித்தோம். தம்பி ஒன்று பதித்து மூன்று தின்றான். தட்டை வாங்க வந்த மாஸ்டர், "உங்க வூட்டு அடையாளம் இன்னாம்மா?" என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் தம்பி ஒவ்வொரு பிஸ்கட்டிலும் கட்டைவிரலை அழுத்த ஆரம்பித்தான். எங்கள் தட்டு தீர்ந்ததும் அதே வேகத்தில் அடுத்த வீட்டுத் தட்டுக்குப் போனான்.

"டேய், கைய எட்றா. அது இன்னா உங்கப்பன் வூட்டுத் தட்டா?"

சொன்னது அம்மா. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சுற்றியிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

சூடான டின்னோடு திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா தம்பியைத் திட்டிக்கொண்டே வந்தாள். சட்டையைப் பாரு, மூக்கைப் பாரு, நடக்கிற அழகைப் பாரு என்று தெரு முழுக்கக் கேட்டது. வாசலில் நின்றிருந்த அத்தை அந்தக் குரலைக் கேட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வாதத்தில் என்னிடம் தோற்றுவிட்டதால்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. ஆறுதலுக்கு அவள் கையில் இரண்டு பிஸ்கட் வைத்தேன்.